காட்டுக்கு ஒரு கத்தி: முதன்முதலாக வாங்குபவர்களுக்கு

வெளிப்புறக் கத்தி என்று தேட ஆரம்பித்தால் முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் முழங்கை நீளத்துக்கு ஒரு சமாச்சாரம். கறுப்புப் பூச்சு, முதுகில் ரம்பப் பல், பிடியின் அடியில் ஒரு திசைகாட்டி. பார்க்க மிரட்டலாகத்தான் இருக்கும். வாங்கி வந்து ஒரு குச்சியைச் சீவ உட்காரும்போதுதான் அதன் லட்சணம் தெரியும். காட்டில் பழம் தின்று கொட்டை போட்டவர்களின் இடுப்பைப் பாருங்கள்: உள்ளங்கை நீளத்தில் ஓர் அலகு, உருண்டையான பிடி, ஓர் உறை. அவ்வளவுதான்.

அந்தச் சாதாரணக் கத்தியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப்போகிறேன். என் கட்சி எது என்பதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். நன்றாகச் சீவ வேண்டும், வாய் மழுங்கினால் நீங்களே தீட்டிக்கொள்ள முடிய வேண்டும். இந்த இரண்டும் அமைந்துவிட்டால் மற்றவை எல்லாம் இரண்டாம்பட்சம்.

1. என்ன வேலைக்கு என்று முடிவு செய்யுங்கள்

காட்டில் தங்கும்போது கத்தி எதற்கெல்லாம் கைக்கு வருகிறது? நெருப்பு மூட்டச் சிராய் சீவ, கூடாரத்துக்கு முளை செதுக்க, கயிறு அறுக்க, பட்டை உரிக்க, சமையலுக்கு நறுக்க, மீன் சுத்தம் செய்ய, மணிக்கட்டுப் பருமனுள்ள விறகைப் பிளக்க, தீத்தண்டு எனும் உலோகக் குச்சியை உரசிப் பொறி எழுப்ப. இவற்றில் பெரும்பாலானவை சீவுகிற வேலையும் அறுக்கிற வேலையும்தான். விலங்கோடு சண்டை போடுவதும் கத்தியை மரத்தில் எறிந்து குத்துவதும் இந்தப் பட்டியலில் வராது.

மரத்தை வெட்டிச் சாய்க்கக் கோடரி இருக்கிறது. கட்டையைக் குறுக்காக அறுக்க மடக்கு ரம்பம் இருக்கிறது. சுமார் 200 கிராம் எடையுள்ள ஒரு மடக்கு ரம்பம் ஐந்து நிமிடத்தில் முடிப்பதை, எவ்வளவு பெரிய கத்தியை வைத்துக் கொத்தினாலும் அரை மணி நேரம் ஆகும். ஆகவே பெரிய கத்தி ஒன்றுக்குப் பதில் சின்னக் கத்தியும் மடக்கு ரம்பமும் வைத்துக்கொள்வதே கெட்டிக்காரத்தனம். ஒரு விதிவிலக்கு உண்டு. கொடியும் புதரும் மண்டிய மழைக்காட்டில் நடக்கவே வழி வெட்ட வேண்டியிருக்கும். அங்கே நீளமான வெட்டுக்கத்திதான் முதல் கருவி, சின்னக் கத்தி அதற்குத் துணை. நீங்கள் போகும் காடு எப்படிப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

2. மடக்குவதா, மடக்காததா

முதல் கத்தி மடக்காததாகவே இருக்கட்டும். மடக்குக் கத்தியில் அலகும் பிடியும் சேரும் இடத்தில் ஓர் ஆணியும் ஒரு பூட்டும் இருக்கின்றன. மணலும் ஈரமும் போய்ச் சேருவது அங்கேதான். பக்கவாட்டில் அழுத்தம் கொடுத்தால் ஆட்டம் கண்டுவிடும், பூட்டு நழுவினால் விரல் மாட்டும். மடக்காத கத்தியில் அசையும் பாகமே கிடையாது. கழுவலாம், துடைக்கலாம், உறையில் போடலாம்.

மடக்குக் கத்தியை நான் குறை சொல்லவில்லை. சட்டைப் பையில் இரண்டாவது கத்தியாக ஒன்று கிடந்தால் நல்லது. பிரான்ஸின் ஓப்பினெல் கத்திகளில் அலகைப் பூட்ட ஒரு வளையம் இருக்கும். அதைத் திருப்பிவிட்டால் அலகு நகராது. சின்ன வேலைகளுக்கு அருமையான கருவி அது. ஆனால் விறகின் மேல் வைத்துத் தடியால் அடிப்பதற்கு அது படைக்கப்படவில்லை.

3. நீளமும் தடிமனும்

அலகு 9 முதல் 12 செ.மீ. வரை இருந்தால் போதும். அதற்குக் குறைந்தால் விறகு பிளப்பது சிரமம். அதற்கு மேல் போனால் நுனி கைக்கு வெகுதூரத்தில் போய்விடும், துளை போடுவது, கரண்டி செதுக்குவது போன்ற நுணுக்கமான வேலைகளில் கட்டுப்பாடு போய்விடும். புதியவர்கள் பெரும்பாலும் நீளமாக வாங்கி வருந்துவார்கள். குட்டையாக வாங்கி வருந்துபவர்கள் குறைவு.

தடிமன்தான் இன்னும் பெரிய வலை. “தடிமனாக இருந்தால் பலமாக இருக்கும்” என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பலம் உண்டுதான். ஆனால் தடித்த அலகு மரத்துக்குள் இறங்காது, ஆப்பாகத்தான் நடந்துகொள்ளும். அமெரிக்காவின் கே-பார் பெக்கர் பி.கே.2 கத்தியின் முதுகு 6 மி.மீ.க்கும் கொஞ்சம் மேல், எடை அரைக் கிலோவை நெருங்கும். விறகு பிளக்க அது கில்லாடி. அதே கத்தியில் ஒரு வெங்காயத்தை நறுக்கிப் பாருங்கள், துண்டு துண்டாக உடைந்துதான் வரும். இன்னொரு கோடியில் ஸ்வீடனின் மோரா கம்பேனியன் இருக்கிறது. 10.4 செ.மீ. அலகு, 2.5 மி.மீ. தடிமன். வெண்ணெயில் இறங்குவது போல மரத்தில் இறங்கும். அதே வகையில் கொஞ்சம் தடித்த ஹெவி டியூட்டி மாதிரி 3.2 மி.மீ.

என்னைக் கேட்டால் 2.5 முதல் 4 மி.மீ. வரை உள்ளதைப் பாருங்கள். சீவுகிற வேலை அதிகம் என்றால் கீழ் அளவு, விறகு பிளக்கிற வேலை அதிகம் என்றால் மேல் அளவு. 5 மி.மீ.க்கு மேல் போவதற்கு ஒரு தெளிவான காரணம் உங்களிடம் இருக்க வேண்டும். “பார்க்க நன்றாக இருக்கிறது” என்பது காரணமாகாது.

4. பிடிக்குள் எவ்வளவு இரும்பு போகிறது

அலகின் இரும்பு பிடிக்குள் தொடர்ந்து போகும். அதை டாங் என்பார்கள். பிடியின் கடைசிவரை, பிடியின் முழு அகலத்துக்கும் போனால் ஃபுல் டாங். பெரும்பாலும் பிடியின் இரண்டு பக்கமும் ஓரத்தில் இரும்பு தெரியும். இதுதான் மிகப் பலமானது, பிடி உடைந்தாலும் இரும்பில் கயிறு சுற்றி வேலையை முடித்துவிடலாம்.

ஆனால் ஃபுல் டாங் இல்லாவிட்டால் கத்தியே இல்லை என்று சொல்வது மிகை. ஃபின்லாந்தின் புக்கோ கத்திகளில் ஒல்லியான டாங் மரப்பிடிக்குள் மறைந்து போகும். தலைமுறை தலைமுறையாக அங்கே வேட்டைக்கும் மரவேலைக்கும் அதுதான். மேலே சொன்ன மோரா கம்பேனியனிலும் டாங் பிடியின் கடைசிவரை போவதில்லை, ஆனாலும் ஒழுங்காகப் பயன்படுத்தினால் விறகு பிளப்பதைத் தாங்கும். மறைந்த டாங்குக்கு ஒரு லாபமும் உண்டு. எடை குறைவு, உறைபனிக் குளிரில் வெறும் இரும்பு உள்ளங்கையில் படாது.

கண்டிப்பாகத் தள்ள வேண்டியது உள்ளே குழாயாக இருக்கும் பிடி. தூண்டில் முள்ளும் தீக்குச்சியும் போட்டு மூடும் இந்த வகை 1980களில் பெரிய மோகமாக இருந்தது. அலகு குழாயோடு சேரும் இடத்தில் இரும்பு மிகக் கொஞ்சம். மலிவான மாதிரிகளில் அடி விழுந்ததும் அங்கேதான் முறியும். முள்ளும் தீக்குச்சியும் பையில் இருக்கட்டும்.

5. வாய் எப்படிச் சீவப்பட்டிருக்கிறது

இதை நிதானமாகப் படியுங்கள். கத்தியின் குணத்தில் பாதி இங்கேதான் தீர்மானமாகிறது. விளம்பரங்களில் இதைப் பற்றி ஒரு வரிதான் இருக்கும்.

கத்தியை நுனிப் பக்கமிருந்து நேராகப் பாருங்கள். முதுகிலிருந்து வாய்வரை அலகு எப்படி ஒடுங்கி வருகிறது? அந்த ஒடுக்கத்தைத்தான் கிரைண்ட் என்கிறார்கள்.

ஸ்கேண்டி கிரைண்டில் அலகு முதுகிலிருந்து பாதிக்கு மேல் ஒரே தடிமனில் வந்து, அதன்பின் ஒரே சரிவாக வாய்வரை இறங்கும். மேடும் பள்ளமும் இல்லாத ஒரே சமதளம் அந்தச் சரிவு. இரண்டு பக்கச் சரிவையும் சேர்த்தால் கோணம் 25 டிகிரியை ஒட்டி வரும். மரம் சீவும்போது அந்தச் சரிவு மரத்தின் மேல் படிந்து உட்கார்ந்துகொள்ளும், எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்பதைக் கையிலேயே உணரலாம். தீட்டுவதும் சுலபம். சரிவைச் சாணைக்கல்லின் மேல் படுக்க வைத்தாலே கோணம் தானாகக் கிடைத்துவிடும். புதியவருக்கு இதைவிடப் பெரிய வரம் கிடையாது. குறை என்னவென்றால் வாய் மெல்லியது. எலும்பில் அடித்தாலோ, காய்ந்த முடிச்சில் வைத்துத் திருகினாலோ பல் பல்லாகப் பெயர்ந்துவிடும்.

ஃப்ளாட் கிரைண்டில் முதுகிலிருந்தே அலகு சீராக ஒடுங்கி வரும். வாய்க்கு வந்ததும் இன்னொரு சின்னச் சரிவு இருக்கும். சமையல் கத்தி பெரும்பாலும் இந்த ஜாதி. நறுக்குவது, அறுப்பது, கொஞ்சம் சீவுவது எல்லாவற்றுக்கும் சரிப்படும். தீட்டும்போது கோணத்தை நீங்கள்தான் பிடித்துக்கொள்ள வேண்டும், பக்கத்துக்கு 20 டிகிரி என்று வைத்துக்கொண்டால் தப்பில்லை. சில நாள் பழகினால் கை பிடிபட்டுவிடும்.

கான்வெக்ஸ் கிரைண்டில் பக்கங்கள் வெளிப்பக்கம் லேசாக உப்பியிருக்கும், கோடரியின் வாய் மாதிரி. அடி தாங்கும், விறகு பிளக்கும்போது மரத்தில் சிக்காது. ஸ்வீடன் விமானப்படை 1995 முதல் தன் விமானிகளுக்கு உயிர்காக்கும் கத்தியாகத் தரும் ஃபால்க்நிவன் எஃப்1 இந்த வகைதான்; 4.5 மி.மீ. தடிமன், 9.7 செ.மீ. அலகு. தட்டைக் கல்லில் இதைத் தீட்டக் கொஞ்சம் பழக்கம் வேண்டும்.

ஹாலோ கிரைண்டில் பக்கங்கள் உள்வாங்கியிருக்கும். சவரக்கத்தியின் வடிவம். தோல் உரிக்கத் தோதானது, விறகுக்கு வேண்டாம்.

ஆக, மர வேலையும் நெருப்பும்தான் முக்கியம் என்றால் ஸ்கேண்டி. சமையலும் சரிசமமாக நடக்கும் என்றால் ஃப்ளாட். இதில் ரொம்ப யோசிக்க வேண்டியதில்லை.

6. இரும்பு: கார்பனா, துருப்பிடிக்காததா

கத்திப் பிரியர்கள் இரவு பகலாகச் சண்டை போடும் இடம் இது. நீங்கள் அந்தச் சண்டைக்குள் போக வேண்டாம்.

கார்பன் ஸ்டீல் சுலபமாகத் தீட்டுப்படும், அடி தாங்கும், துருப் பிடிக்கும். 1095 என்பது இதில் பரவலான ஒன்று. அதில் கார்பன் ஏறக்குறைய 0.95 சதவீதம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கும், அது மேற்பரப்பில் ஒரு மெல்லிய படலமாகி துருவைத் தடுக்கும். 12சி27, 14சி28என் என்ற ஸ்வீடன் வகைகள் வெளிப்புறக் கத்திகளில் நன்றாக நடக்கின்றன, தீட்டவும் அவ்வளவு அடம் பிடிக்காது. கடலோரம், மழைக்காடு, ஈரமான கோடை என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஸ்டெயின்லெஸ் வாங்குங்கள். வறண்ட இடம், தினமும் துடைத்து எண்ணெய் பூசும் பொறுமை இருக்கிறது என்றால் கார்பன் ஸ்டீல் சந்தோஷம் தரும். நடுவில் டி2 என்று ஒன்று உண்டு. அதில் குரோமியம் 12 சதவீதம் அளவுக்கு இருந்தாலும் கார்பன் அதிகம் என்பதால் குரோமியத்தில் ஒரு பங்கு கார்பனோடு சேர்ந்து கெட்டியாகிவிடுகிறது. அதனால் அது முழுக்கத் துருப்பிடிக்காத ரகம் ஆகாது. வாய் வெகுநாள் நிற்கும், ஆனால் முதல் கத்தியாக வாங்கினால் தீட்டும்போது கை ஓய்ந்துபோகும்.

கடினத்தை ராக்வெல் அளவில் எச்.ஆர்.சி. என்று எழுதுவார்கள். வைரக் கூம்பு ஒன்றை இரும்பின் மேல் அழுத்தி, எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்த்துச் சொல்லும் எண் அது. வெளிப்புறக் கத்திக்கு 56 முதல் 60 வரை சரி. 54க்குக் கீழே வாய் சீக்கிரம் மடங்கும். 62க்கு மேலே வாய் நாளெல்லாம் நிற்கும், ஆனால் கல்லில் பட்டால் சில்லுப் பெயரும்.

பெயரைவிடப் பதம், அதாவது இரும்பைச் சூடாக்கிக் குளிரவைக்கும் விதம், முக்கியம். ஒரே இரும்பை ஒருவர் சரியான சூட்டில் பதம் போட்டால் தங்கம், இன்னொருவர் சொதப்பினால் தகரம். கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, அதனால்தான் பெயர் பெற்ற தயாரிப்பாளரிடம் வாங்கச் சொல்கிறோம். “சர்ஜிக்கல் ஸ்டீல்” என்று மட்டும் போட்டிருந்தால் நகர்ந்துவிடுங்கள், அந்தப் பெயரில் குறிப்பிட்ட ஒரு இரும்பு கிடையாது. வெறும் “440” என்று போட்டிருந்தால் ஏ-வா, பி-யா, சி-யா என்று கேளுங்கள். கார்பன் அதிகம் உள்ளது சி, அதைத்தான் கத்திக்கு உயர்வாகச் சொல்வார்கள். பெரும்பாலும் எழுத்தை மறைப்பவர்கள் சி-யை விற்பதில்லை.

7. முதுகும் நுனியும்

முதுகின் ஓரம் சரியாக 90 டிகிரியில், விரலால் தடவினால் “வெடுக்”கென்று தெரியும்படி இருக்க வேண்டும். ஃபெரோ ராட் எனும் தீத்தண்டை உரச இதுதான் பயன்படும். 1903இல் ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் அவுவர் ஃபான் வெல்ஸ்பாக் உருவாக்கிய கலவை அது. இரும்பும் சீரியமும் சேர்ந்தது. கத்தி முதுகால் சுரண்டினால் கழன்று வரும் துகள்கள் காற்றில் பட்டுத் தாமாக எரிகின்றன. பொறியின் வெப்பம் 3000 டிகிரியைத் தொடும். பொறி வருவது தண்டிலிருந்து என்பதால் ஸ்டெயின்லெஸ் முதுகும் இதற்குப் போதும். சிக்கிமுக்கிக் கல்லில் தட்டும் பழைய முறையில் பொறி இரும்பிலிருந்து வருகிறது. அதற்குக் கார்பன் ஸ்டீல்தான் வேண்டும்.

பல கத்திகளில் முதுகை மழமழவென்று உருட்டிவிட்டிருப்பார்கள், அல்லது கறுப்புப் பூச்சு பூசியிருப்பார்கள். வைரத் தகட்டின் (வைரத் துகள் பதித்த சாணைத் தகடு) மேல் முதுகைச் செங்குத்தாக வைத்து மெதுவாகத் தேய்த்தால் நாலைந்து செ.மீ. நீளத்துக்குக் கூரான ஓரம் எடுத்துவிடலாம். வாயால் மட்டும் தீத்தண்டை உரசாதீர்கள், கூர் போய்விடும்.

நுனி, அலகின் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் வரும்படி லேசாக இறங்கியிருக்கட்டும். டிராப் பாயிண்ட் என்பார்கள். துளை போடவும் செதுக்கவும் கைக்கு அடங்கும். ஊசிபோல நீண்ட நுனி முதல் மாதமே உடையும். ஜப்பானியக் குறுவாள் பாணியிலான தாந்தோ வடிவ நுனியின் வாயில் ஒரு மூலை இருப்பதால் நறுக்கவும் தீட்டவும் தொல்லை.

முதுகில் ரம்பப் பல் வேண்டவே வேண்டாம். அது மரம் அறுக்காது, விறகு பிளக்கும்போது தடியைத்தான் தின்னும். வாயில் பாதி தூரம் பல் வைத்தவையும் இதே கதைதான். அந்தப் பல் வருவது பிடிக்குப் பக்கத்தில், அதாவது சீவும்போது பலம் அதிகம் கிடைக்கும் இடத்தில். இரண்டு பக்கமும் வாய் உள்ள குத்துவாள் கட்டைவிரலை முதுகில் வைத்து அழுத்தவே விடாது.

8. பிடி

கத்தியை வாங்குமுன் ஐந்து நிமிடம் கையில் பிடித்திருங்கள். முடியாவிட்டால் நல்ல படங்களையும் அளவுகளையும் பார்த்து, உங்கள் உள்ளங்கையின் அகலத்தை அளந்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். நான்கு விரலும் அடங்கிக் கொஞ்சம் மிச்சம் இருக்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு 10 முதல் 12 செ.மீ. பிடி சரிவரும்.

விரலுக்கு ஒரு பள்ளம் என்று வெட்டிய பிடியைத் தவிருங்கள். யாரோ ஒருவரின் விரலுக்கு வெட்டிய பள்ளம் அது. மேலும் கத்தியை ஒரே மாதிரி பிடிப்பதில்லை. முன்பக்கம் தள்ளிச் சீவுவோம், மார்புப் பக்கம் இழுத்துச் சீவுவோம், தலைகீழாகப் பிடிப்போம். ஒவ்வொரு பிடிக்கும் பள்ளத்தின் மேடு எங்காவது உறுத்தும். பீப்பாய் போல நடுவில் லேசாகப் புடைத்த, கூரான மூலை இல்லாத பிடிதான் எல்லா விதத்துக்கும் பொருந்தும்.

ஒரு சோதனை. கத்தியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலின் அடிச்சதையில் எங்கே அழுத்தம் விழுகிறது என்று கவனியுங்கள். உறைக்குள் வைத்தபடியே ஒரு மேசை ஓரத்தில் சீவுவதுபோல இருபது தடவை தள்ளிப் பாருங்கள். கையை விரித்தால் சிவந்த கோடு ஒன்று தெரிந்தால், அரை மணி நேர வேலையில் அங்கேதான் கொப்புளம் வரும்.

பிடிக்கும் வாய்க்கும் இடையிலான இடைவெளியையும் பாருங்கள். பலம் கொடுத்துச் சீவுவது பிடியை ஒட்டிய முதல் இரண்டு செ.மீ. வாயில்தான். சிலவற்றில் ஆள்காட்டி விரல் வைக்க அங்கே ஒரு வளைவு வெட்டியிருப்பார்கள். வாய் அவ்வளவு தூரம் முன்னால் தள்ளிப்போய்விடும். எனக்கு அது பிடிப்பதில்லை.

பொருள் எது என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. ரப்பர் கலந்த பிளாஸ்டிக் ஈரக் கையிலும் வழுக்காது. மரம் அழகு, அவ்வப்போது எண்ணெய் கேட்கும். துணி அடுக்குகளைப் பிசினில் இறுக்கிச் செய்யும் மைக்கார்ட்டா ஈரத்தில் பிடிமானம் கூடும், சாகாவரம் பெற்றது.

9. உறை

கத்தி நன்றாக இருந்து உறை மட்டமாக இருந்தால் அந்தக் கத்தி தொலையும், இல்லாவிட்டால் உங்களைக் குத்தும். உறையில் போட்டுத் தலைகீழாகப் பிடித்து உதறுங்கள், விழக்கூடாது. ஒரு கையால் எடுக்கவும் போடவும் முடிய வேண்டும். அடியில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்க வேண்டும். இடது கைக்காரர் என்றால் இரண்டு பக்கமும் மாட்டக்கூடியதா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

தோல் உறை இதமாக இருக்கும், சத்தம் போடாது. ஆனால் நனைந்தால் லேசில் காயாது, கார்பன் கத்தியை அதற்குள் வாரக்கணக்கில் வைத்தால் துரு கட்டாயம். வீட்டில் வைக்கும்போது வெளியே எடுத்து வையுங்கள். கைடெக்ஸ் எனும் கெட்டிப் பிளாஸ்டிக் தகட்டில் செய்த உறைக்கும் மற்றப் பிளாஸ்டிக் உறைகளுக்கும் அந்தக் கவலை இல்லை.

10. கையில் வந்ததும் பார்க்க வேண்டியவை

வேலைக்கு எடுக்குமுன், திருப்பிக் கொடுக்க வாய்ப்பு இருக்கும்போதே இவற்றைப் பாருங்கள்.

ஒரு விளக்கின் கீழ் கத்தியின் வாயை உங்களுக்கு நேராகப் பிடியுங்கள். கூரான வாய் வெளிச்சத்தைத் திருப்பித் தராது. எங்காவது சின்னதாக ஒரு வெள்ளிப் புள்ளி மின்னினால் அங்கே மழுங்கியிருக்கிறது, அல்லது பெயர்ந்திருக்கிறது. அடுத்து முதுகை மேலே வைத்து, துப்பாக்கியில் குறி பார்ப்பதுபோல ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். அலகு ஒரு பக்கம் வளைந்திருந்தால் தெரிந்துவிடும். இரண்டு பக்கச் சரிவும் ஒரே உயரத்தில் இருக்கிறதா? பிடிக்கும் இரும்புக்கும் நடுவில் நகம் நுழையும் இடுக்கு இருக்கிறதா? இருந்தால் அங்கே தண்ணீர் தங்கும்.

கடைசியாக ஒரு காய்ந்த குச்சியைச் சீவுங்கள். குச்சியை நிறுத்திப் பிடித்து, கத்தியைப் படுக்கவைத்து, மேலிருந்து கீழே நீளமாக இழுங்கள். சீவல் அறுந்து விழாமல் சுருண்டு குச்சியின் அடியிலேயே நிற்க வேண்டும். கொத்துக் கொத்தாகச் சீவல் நிற்கும் அந்தக் குச்சிதான் ஈரக் காட்டில் நெருப்புக்கு ஆரம்பம். புதிய கத்தியில் அது வரவில்லை என்றால் கத்தியைக் குறை சொல்லுமுன் ஒருமுறை தீட்டிப் பாருங்கள். கம்பெனித் தீட்டு சில சமயம் அரைகுறையாகத்தான் இருக்கும்.

மாதிரி ஒன்றாவது சொல்லுங்கள் என்று கேட்பவர்களுக்கு: மோரா கம்பேனியன் ஸ்டெயின்லெஸ். எடை குறைவு, ஸ்கேண்டி கிரைண்ட், கெட்டுப்போனால் மனம் பதறாத வகை. அதன் முதுகு தீத்தண்டுக்குத் தோதாகக் கூராக வராது, வைரத் தகட்டு வேலை ஒன்று பாக்கி இருக்கும். அதே குடும்பத்தில் ஃபுல் டாங் வேண்டுமென்றால் கார்பெர்க் இருக்கிறது, 3.2 மி.மீ. தடிமன், 10.9 செ.மீ. அலகு, முதுகும் கூராகவே வரும். இணையத்தில் வாங்கினால் விற்பவர் யார் என்று பாருங்கள், பிரபலமான பெயர்களுக்கெல்லாம் போலி உண்டு.

11. தீட்டவும் பிளக்கவும் பழகுங்கள்

கத்திக்கு ஒதுக்கிய காசில் ஒரு பங்கைச் சாணைக்கல்லுக்கு வையுங்கள். ஒரு பக்கம் 400 (சொரசொரப்பானது), மறுபக்கம் 1000 (மென்மையானது) என்ற துகள் அளவுள்ள கல்லும், பழைய தோல் வார் ஒன்றும் ஆரம்பத்துக்குப் போதும். நிரந்தர மை பேனாவால் வாய்ச் சரிவில் மை பூசிவிட்டு இரண்டு தடவை தேயுங்கள். மை எங்கே போயிருக்கிறது, எங்கே நிற்கிறது என்று பாருங்கள். வாயோரம் மட்டும் போயிருந்தால் கோணம் அதிகம், மேலே மட்டும் போயிருந்தால் குறைவு. சரிவு முழுக்கப் போயிருந்தால் சரி.

ஒரு பக்கம் தேய்த்துக்கொண்டே இருந்தால் மறுபக்கம் வாயில் நூல் போல ஒரு பிசிறு எழும்பும். முதுகிலிருந்து வாய்ப்பக்கம் நோக்கிக் கட்டைவிரலால் மெதுவாகத் தடவினால் சொரசொரவென்று தெரியும். அது முழு நீளத்துக்கும் வந்த பிறகுதான் பக்கத்தை மாற்ற வேண்டும். புதியவர்கள் இந்தப் பிசிறு வரும்வரை பொறுப்பதில்லை, அதனால்தான் “எவ்வளவு தீட்டியும் கூராகவில்லை” என்கிறார்கள். கடைசியில் தோல் வாரில், முதுகு முன்னே போகும்படி இழுத்து எடுங்கள். காகிதத்தைத் தொங்கவிட்டு மேலிருந்து அறுத்தால் கிழியாமல் வர வேண்டும்.

விறகு பிளப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. முடிச்சில்லாத, நேரான நார் உள்ள கட்டையை வேறொரு கட்டையின் மேல் நிறுத்துங்கள். கத்தியை அதன் தலையில் வைத்து, மறுபக்கம் நுனி மூன்று நான்கு செ.மீ. வெளியே தெரியட்டும். அதனால் 10 செ.மீ. அலகுக்கு 6 செ.மீ. கட்டைதான் கணக்கு. கத்தி முதுகில் மரத்தடியால் அடியுங்கள், கல்லாலோ சுத்தியலாலோ வேண்டாம். உள்ளே இறங்கியதும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனிப் பக்கத்தில் அடி தொடரட்டும், பிடி மட்டமாகவே இருக்கட்டும். முடிச்சில் மாட்டிக்கொண்டால் திருகாதீர்கள். கட்டையோடு தூக்கிக் கத்தியை மெதுவாகத் தட்டி எடுத்துவிட்டு வேறு கட்டை பாருங்கள்.

உட்கார்ந்து சீவும்போது தொடைக்கு நடுவில் சீவவே கூடாது. உள் தொடையில் பெரிய ரத்தக் குழாய் ஓடுகிறது, அங்கே வெட்டு விழுந்தால் ஆஸ்பத்திரி போய்ச் சேர நேரம் இருக்காது. முழங்கையை முழங்காலில் ஊன்றி, முழங்காலுக்கு வெளியே சீவுங்கள். கையை நீட்டிச் சுற்றினால் தொடும் தூரத்தில் யாரும் இல்லை என்று பார்த்த பிறகு ஆரம்பியுங்கள். எழுந்து நடப்பதென்றால் கத்தி உறைக்குள் போக வேண்டும், இரண்டே எட்டு என்றாலும் சரி.

சட்டம் இடத்துக்கு இடம் மாறும். சில நாடுகளில் அலகின் நீளம் கணக்கு, சில இடங்களில் பூட்டு உள்ளதா என்பது கணக்கு, சில இடங்களில் காரணம் இல்லாமல் வைத்திருந்தாலே குற்றம். போகும் காட்டின் விதிகளையும் சேர்த்து, கிளம்புமுன் பார்த்துவிடுங்கள். விமானத்தில் கைப்பையில் கத்தி வரவே கூடாது. உறையோடு துணியில் சுற்றி, ஒப்படைக்கும் பெட்டியில் வையுங்கள். வழியெல்லாம் இடுப்பில் மாட்டிக்கொண்டு திரிய வேண்டாம், காட்டின் வாசல்வரை அது பைக்குள்ளேயே இருக்கட்டும்.